காரின் வாட்டர் பம்ப்பை மின்சார பம்ப்பாக மாற்றினால் லாபமா? செலவும் சேமிப்பும்: ஒரு விரிவான பார்வை

ஹைதராபாத்: கோடைக்காலம் தொடங்கிவிட்டால் ஹைதராபாத்தின் வடகிழக்குப் பகுதியான குஷாய்குடாவில் கார் வைத்திருப்போரின் கவனம் வெப்பமானியின் முள் மீது செல்வது இயல்பு. ஒருபுறம் இ.சி.ஐ.எல். சந்திப்பின் நெரிசல், மறுபுறம் செர்லபள்ளி தொழிற்பேட்டைக்குச் செல்லும் கனரக வாகனங்களின் வரிசை. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மே மாத வெயிலில், குளிர்சாதனத்தை இயக்கியபடி ஊர்ந்து செல்லும் காரில் எஞ்சின் சூடேறினால், அது ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவையே புரட்டிப் போடும் செலவாக மாறக்கூடும்.

இந்தச் சூழலில், "பெல்ட்டில் ஓடும் பழைய வாட்டர் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் இயங்கும் மின்சார பம்ப்பைப் பொருத்தினால் எரிபொருள் மிச்சமாகும், எஞ்சின் சூடேறாது, இழுவைத் திறனும் கூடும்" என்ற கருத்து கார் ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளது. இது எந்த அளவுக்கு உண்மை? வாட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கிய காரை வைத்திருப்பவர் அதே வகைப் பம்ப்பை மாற்றுவதா, மின்சார பம்ப்புக்குச் செல்வதா? இதற்கான விடையை இயற்பியலும் எளிய கணக்கும் தெளிவாகவே தருகின்றன.

வாட்டர் பம்ப்பின் பணி என்ன?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சக்கரங்களை இயக்கப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகச் சுவர்களைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தைக் கூலண்ட் திரவத்தின் மூலம் ரேடியேட்டருக்குக் கொண்டு செல்வதே வாட்டர் பம்ப்பின் வேலை.

பெரும்பாலான கார்களில் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து வரும் ரப்பர் பெல்ட் இந்தப் பம்ப்பைச் சுழற்றுகிறது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் பம்ப்பும் வேகமாகச் சுழலும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். வாகனத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்பதை இந்தப் பம்ப் அறியாது. அதைக் கவனிப்பது தெர்மோஸ்டாட் என்னும் வால்வு. கூலண்ட் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகே அது திறந்து, திரவத்தை ரேடியேட்டருக்குள் அனுமதிக்கிறது. அதுவரை திரவம் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருகிறது.

பெல்ட் பம்ப்பின் குறைபாடு:

சுழல் பம்ப்புகளுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. வேகம் இரு மடங்கானால் திரவ ஓட்டம் இரு மடங்காகும். அழுத்தம் நான்கு மடங்காகும். பம்ப் விழுங்கும் திறன் எட்டு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது, பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் கூலண்டை அரை பார் அழுத்தத்தில் தள்ளுகிறது என வைத்துக்கொள்வோம். இதற்குத் தேவையான திரவத் திறன் 50 வாட். பம்ப்பின் செயல்திறன் 40 விழுக்காடு எனில், எஞ்சினிடமிருந்து அது பெறுவது 125 வாட்.

அதே பம்ப், எஞ்சின் 800 சுற்றில் நின்றபடி ஓடும்போது, 27-ல் ஒரு பங்கு திறனையே, அதாவது சுமார் 5 வாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் 4,800 சுற்றில் அதன் பசி 1,000 வாட்டாக, அதாவது ஒரு குதிரைத்திறனுக்கு மேலாக உயர்ந்துவிடும்.

உயர் வேகத்தில் தேவைக்கு அதிகமாகத் திரவத்தைத் தள்ளி ஆற்றலை வீணாக்குவதே பெல்ட் பம்ப்பின் உண்மையான குறைபாடு. பந்தயக் கார்களில் மின்சார பம்ப் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் குஷாய்குடாவிலிருந்து தார்நாகா வழியாக அலுவலகம் செல்பவரின் எஞ்சின் 4,800 சுற்றைத் தொடும் நேரம் ஒரு நாளில் சில விநாடிகளுக்கு மேல் இருக்காது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மின்சார பம்ப் இலவசமாக ஓடுவதில்லை:

மின்சார பம்ப்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதும் அதே எஞ்சின், அதே பெல்ட்தான். கார் ஆல்டர்னேட்டரின் செயல்திறன் பொதுவாக 55 முதல் 70 விழுக்காடு வரையே இருக்கும். அதன் பின்னர் மோட்டாரிலும் ஓர் இழப்பு உண்டு.

எனவே ஒரே அளவு திரவத்தை ஒரே அழுத்தத்தில் தள்ளுவதாக இருந்தால், மின்சார பம்ப்தான் எஞ்சினுக்கு அதிகச் சுமை. தேவையில்லாத நேரத்தில் மெதுவாக ஓடுவது அல்லது நின்றுவிடுவது என்ற ஒரே வழியில்தான் அது ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. வெப்பநிலையை உணர்ந்து வேகத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல், சாவியைத் திருகியதும் முழு வேகத்தில் ஓடும் மின்சார பம்ப்பைப் பொருத்தினால் சேமிப்புக்குப் பதிலாக நஷ்டமே மிஞ்சும்.

ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம்?

நகரில் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் எனில் எஞ்சின் 400 மணி நேரம் ஓடுகிறது. இதில் பாதி நேரம் சாலையில் சீராகச் செல்கிறது. மீதிப் பாதி சிக்னலிலும் நெரிசலிலும் கழிகிறது.

பெல்ட் பம்ப்: 200 மணி நேரம் 125 வாட், 200 மணி நேரம் 5 வாட். மொத்தம் 26 யூனிட் ஆற்றல்.

மின்சார பம்ப்: 200 மணி நேரம் சராசரியாக 30 வாட், 200 மணி நேரம் 15 வாட். மொத்தம் 9 யூனிட் மின்சாரம். ஆல்டர்னேட்டரின் 60 விழுக்காடு செயல்திறனைக் கணக்கில் கொண்டால் எஞ்சின் தர வேண்டியது 15 யூனிட்.

வித்தியாசம் 11 யூனிட். எஞ்சினின் செயல்திறன் 30 விழுக்காடு என்றும், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் உள்ளது என்றும் கொண்டால், ஓராண்டில் மிச்சமாகும் பெட்ரோல் ஏறத்தாழ 4 லிட்டர் மட்டுமே. லிட்டருக்கு 107 ரூபாய் என்ற அளவில் கணக்கிட்டால் 428 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் இதே தூரத்துக்கு 800 லிட்டர் பெட்ரோலைப் பயன்படுத்தும் என்பதால், இந்தச் சேமிப்பு அரை விழுக்காடுதான். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்வதால் கிடைக்கும் பயன் இதைவிடக் குறைவாக இருக்காது.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு நிலைமை சற்று மேம்படும். மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் அதே 400 மணி நேரம், அதாவது 24,000 கிலோமீட்டர் ஓடினால், மேற்கண்ட முறைப்படி சுமார் 11 லிட்டர் மிச்சமாகும். அதன் மதிப்பு 1,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இனி செலவைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் போன்ற நிறுவனங்கள் நிமிடத்துக்கு 80, 115, 150 லிட்டர் எனப் பல அளவுகளில் தனியாகப் பொருத்தக்கூடிய மின்சார பம்ப்புகளைத் தயாரிக்கின்றன. பம்ப், கட்டுப்பாட்டுக் கருவி, இறக்குமதிச் செலவு, பொருத்தும் கூலி என அனைத்தும் சேர்த்து 30,000 ரூபாய் எனக் கொண்டாலும், நகர ஓட்டுநர் அந்தத் தொகையைத் திரும்பப் பெற 70 ஆண்டுகள் ஆகும். நெடுஞ்சாலை ஓட்டுநருக்கு 25 ஆண்டுகள். அதற்கு முன்பே காரின் ஆயுள் முடிந்துவிடும்.

நெரிசலில் சூடேறுவதற்குப் பம்ப்தான் காரணமா?

"சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால் பம்ப்பும் மெதுவாக ஓடுகிறது, அதனால்தான் சூடேறுகிறது" என்ற விளக்கம் பொதுவாகக் கூறப்படுகிறது. இது பாதி உண்மையே. நின்றபடி ஓடும் சிறிய பெட்ரோல் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலையே எரிக்கிறது. அதனால் கூலண்டுக்குச் செல்லும் வெப்பமும் இரண்டு, மூன்று கிலோவாட் அளவிலேயே இருக்கும். குறைந்த ஓட்டமே அதற்குப் போதுமானது.

நெரிசலில் குறைவது திரவ ஓட்டத்தை விடக் காற்றோட்டமே. வாகனம் நகராதபோது ரேடியேட்டரின் மின்விசிறி மட்டுமே காற்றை இழுக்கிறது. குளிர்சாதனத்தின் கண்டென்சர் வெளியேற்றும் சூடான காற்றும் அதே ரேடியேட்டர் வழியாகவே செல்கிறது. மின்விசிறியின் வேகம் குறைந்திருந்தாலோ, ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் பூச்சிகளும் அடைந்திருந்தாலோ, எவ்வளவு விலையுயர்ந்த பம்ப்பைப் பொருத்தினாலும் முள் ஏறத்தான் செய்யும்.

மற்றொரு முக்கியக் காரணம் தண்ணீர். கூலண்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் இன்னும் பலரிடம் உள்ளது. கடின நீரில் கரைந்துள்ள உப்புகள் சூட்டில் படிந்து, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கின்றன. துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் இல்லாததால் பம்ப்பின் இம்பெல்லர் அரிக்கப்படுகிறது, சீல் தேய்கிறது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்டைக் கார் நிறுவனம் கூறும் விகிதத்தில் காய்ச்சி வடித்த நீருடன் சேர்த்துப் பயன்படுத்தினால், பெல்ட் பம்ப்பே பல ஆண்டுகள் உழைக்கும்.

அப்படியானால் கார் நிறுவனங்கள் ஏன் மாறுகின்றன?

2000-களின் நடுப்பகுதியில் பிஎம்டபிள்யூ நிறுவனம் தனது என்52 ஆறு சிலிண்டர் எஞ்சினில் சுமார் 200 வாட் திறனுள்ள மின்சார கூலண்ட் பம்ப்பைப் பயன்படுத்தியது. 2009-ல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரின் 1.8 லிட்டர் எஞ்சினில் துணைக் கருவிகளுக்கான பெல்ட்டே இல்லை. வாட்டர் பம்ப்பும் குளிர்சாதனக் கம்ப்ரஸரும் மின்சாரத்திலேயே இயங்கின. ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி நின்று மீண்டும் இயங்குவதால் அங்கு மின்சார பம்ப் பெரிதும் பொருந்துகிறது. பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் மின்சாரக் கார்களிலோ வேறு வழியே கிடையாது.

நிறுவனங்களின் கணக்கு தனிநபரின் கணக்கிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் நிர்ணயிக்கப்பட்ட இலக்கைத் தாண்டினால், கூடுதலாகும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் விதிக்கப்படும். அங்கே அரை கிராம் குறைந்தாலும் ஒரு காருக்கு 47 யூரோவுக்கு மேல் மிச்சம். இந்தியாவிலும் 2022-23 நிதியாண்டு முதல் கார் நிறுவனங்களின் சராசரி வெளியேற்றம் கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும் என்ற இரண்டாம் கட்ட விதி நடைமுறையில் உள்ளது.

தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் வாங்கும்போது பம்ப்பின் விலையும் குறைகிறது. எஞ்சினின் நீர்ப்பாதை, கணினி, தெர்மோஸ்டாட் ஆகிய அனைத்தும் அந்தப் பம்ப்புக்கு ஏற்பவே வடிவமைக்கப்படுகின்றன. பழைய காரில் பின்னர் பொருத்துபவருக்கு இந்த வசதிகள் எதுவும் கிடைப்பதில்லை.

குளிர் நாடுகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. அதிகாலையில் எஞ்சினை இயக்கியதும் பம்ப்பை நிறுத்தி வைத்தால் எஞ்சின் விரைவில் சூடாகி, புகையும் எரிபொருள் செலவும் குறையும். ஆண்டின் பெரும்பகுதி வெப்பமாக உள்ள ஹைதராபாத்திலோ சென்னையிலோ இந்தப் பயன் மிகக் குறைவு.

மறைந்திருக்கும் அபாயங்கள்:

மின்சார பம்ப்புக்கு மாறும்போது ஏற்படக்கூடிய சிக்கல்களையும் அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, பெல்ட்டின் பாதை. பல கார்களில் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டர், குளிர்சாதனக் கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் சுழற்றுகிறது. பழைய பம்ப்பை அப்படியே அகற்றிவிட முடியாது. அதன் இம்பெல்லரை மட்டும் நீக்கி புல்லியை விட்டுவைக்க வேண்டும். அல்லது பெல்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே பம்ப்பைச் சுழற்றுகிறது. அங்கு கை வைப்பது எஞ்சினின் உயிருடன் விளையாடுவதற்குச் சமம்.

இரண்டாவது, ஓட்டத்தின் அளவு. பம்ப்பின் மீது குறிப்பிடப்படும் 80 லிட்டர் என்ற அளவு, எஞ்சினின் குறுகிய பாதைகளிலும் ரேடியேட்டரிலும் ஏற்படும் எதிர்ப்பைத் தாண்டும்போது கிடைக்காது. 60 கிலோவாட் எஞ்சின் முழுத் திறனில் தொடர்ந்து ஓடினால் நிமிடத்துக்கு 100 லிட்டர் அளவிலான ஓட்டம் தேவைப்படலாம். நகரில் சிறப்பாக இயங்கிய பம்ப், ஐந்து பேரையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீசைலம் மலைப்பாதையில் ஏறும்போது திணறக்கூடும்.

மூன்றாவது, பழுதின் தன்மை. பெல்ட் பம்ப் பெரும்பாலும் முன்னறிவிப்பு தந்தே பழுதாகிறது. பேரிங் சத்தம் எழுப்பும், அடியில் உள்ள சிறு துளை வழியாகக் கூலண்ட் கசியும், புல்லி ஆடும். மின்சார பம்ப்போ ஒரு ஃபியூஸ் போனாலும், ஒரு கம்பி தளர்ந்தாலும், சத்தமின்றி நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு பொருத்தப்படவில்லை எனில் ஓட்டுநர் அறிவதற்குள் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். பின்னர் ஹெட் கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டைச் சமன் செய்யும் செலவும் சேர்ந்துவிடும்.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய சிக்கல்களிலிருந்து தப்பவில்லை. 2024 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ நிறுவனம் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. மின்சார வாட்டர் பம்ப்பின் இணைப்பான் சரியாக மூடப்படாததால், திரவம் உட்புகுந்து மின்கசிவும் தீயும் ஏற்படும் வாய்ப்பு உள்ளது என்பதே காரணம். ஆய்வுக்கூட வசதிகளுடன் பொருத்தப்பட்ட பம்ப்புக்கே இந்த நிலை எனில், சாலையோரத்தில் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிப் பொருத்தப்படும் பம்ப்பின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டமும் உத்தரவாதமும்:

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வாட்டர் பம்ப் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் அல்ல. ஆயினும் உத்தரவாதக் காலத்தில் உள்ள காரின் குளிர்விப்பு அமைப்பிலும் மின் இணைப்பிலும் வெளியில் மாற்றம் செய்தால், அதனால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். தீ விபத்து நேரிட்டால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி எழுப்பக்கூடும். எனவே மாற்றுவதற்கு முன் இரண்டு ஆவணங்களின் நிபந்தனைகளையும் படித்துப் பார்ப்பது நல்லது.

யாருக்கு மின்சார பம்ப் பயன் தரும்?

பந்தயப் பாதையில் எஞ்சினைத் தொடர்ந்து உயர் சுற்றில் ஓட்டுபவர்களுக்கு இதன் பயன் உண்மையானது. பழைய காரில் வேறு எஞ்சினைப் பொருத்தும்போது பெல்ட் பம்ப்புக்கு இடமில்லை எனில், மின்சார பம்ப் சிறந்த தீர்வு. உதிரிபாகம் கிடைக்காத பழங்காலக் கார்களைப் பராமரிப்போருக்கும் இது கைகொடுக்கும்.

டர்போ எஞ்சின் உள்ள காரை நீண்ட தூரம் விரைந்து ஓட்டிவிட்டு உடனே நிறுத்தினால், சூடு உள்ளேயே தங்கிவிடும். எஞ்சின் நின்ற பின்னும் சில நிமிடங்கள் ஓடக்கூடிய மின்சார பம்ப் இதைத் தணிக்கும். இதற்கென பல புதிய டர்போ கார்களில் பெல்ட் பம்ப்புடன் ஒரு சிறிய துணை மின்சார பம்ப்பும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகிறது. அது இல்லாத காரில், நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடங்கள் எஞ்சினை மெதுவாக ஓடவிடுவது செலவில்லாத மாற்று வழி.

சாதாரணக் கார் உரிமையாளர் செய்ய வேண்டியது:

வாட்டர் பம்ப் ஒழுகினால் கார் நிறுவனத்தின் அசல் பம்ப்பையோ, அதற்கு இணையான தரமுள்ள பம்ப்பையோ பொருத்துவதே சரியான முடிவு. பல சிறிய கார்களுக்கு இது சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அதே நேரத்தில் பெல்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, குழாய்கள் ஆகியவற்றையும் சோதித்து, தேவையெனில் மாற்றிவிட்டால் மீண்டும் ஒருமுறை கூலி கொடுக்க வேண்டியதில்லை. டைமிங் பெல்ட்டால் இயங்கும் பம்ப் எனில், பெல்ட்டை மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றுவது சிறந்தது.

கோடைக்கு முன் ரேடியேட்டரை வெளிப்புறமாகச் சுத்தம் செய்வது, மின்விசிறி இரு வேகங்களிலும் ஓடுகிறதா எனப் பார்ப்பது, கூலண்டின் அளவையும் நிறத்தையும் கவனிப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும்.

பயணத்தின்போது வெப்பமானியின் முள் ஏறினால், உடனடியாகக் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் இயக்கி, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் ஆறுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிக்கும் திரவம் முகத்திலும் கைகளிலும் பீறிட்டுக் கடும் தீக்காயத்தை ஏற்படுத்தும்.

மொத்தத்தில், மின்சார வாட்டர் பம்ப் நல்ல தொழில்நுட்பமே. தொழிற்சாலையிலேயே அதற்கென வடிவமைக்கப்பட்ட காரில் அது தன் வேலையைச் சிறப்பாகச் செய்கிறது. ஆனால் அன்றாடம் அலுவலகம் சென்று திரும்பும் காரில், ஆண்டுக்கு நான்கு லிட்டர் பெட்ரோலுக்காக 30,000 ரூபாயையும் எஞ்சினின் பாதுகாப்பையும் பணயம் வைப்பது லாபமாக இருக்காது. அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை நல்ல கூலண்டுக்கும், சரியான பராமரிப்புக்கும் செலவிட்டாலே கோடையை அச்சமின்றிக் கடந்துவிடலாம்.